வலது கை வெட்டிய வில்லை

வெட்டி விழுந்த காகித வில்லையைக் கையில் எடுத்ததும், தையல்காரக்கா அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பார். பிசிறு இருந்தால் முகம் மலரும். வழவழவென்று இருந்தால், "ஏங்க, இது எடது கை. கள்ள ஆட்டம் செல்லாது" என்று குப்பைக்கூடையில் போட்டுவிடுவார்.

எங்களுக்கு நேர் கீழ்வீடு. தொளதொள சட்டையைப் பிடித்துத் தைப்பதும் பேண்ட் உயரம் குறைப்பதும் பிழைப்பு. மிஞ்சுகிற துண்டுத் துணியில் போர்வை செய்வார். அதற்கு ஆறு மூலைக் காகித வில்லைகள் வேண்டும். வில்லைமேல் துணியை மடித்து நூலோட்டி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, கடைசியில் காகிதத்தை உருவிவிடுவார். வில்லை வெட்டக் கையடக்கமாய் ஒரு பஞ்ச் வைத்திருக்கிறார். பழைய வாழ்த்து அட்டையைச் செருகி அமுக்கினால் 'டொக்'கென்று விழும்.

அந்தப் பஞ்சை அக்கா இப்போது அமுக்குவதே இல்லை. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பயிற்சிக்கு டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை, "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று சுவரில் விட்டெறிந்தார். அன்றைக்கே அக்கா பஞ்சை அவர் முன்னால் வைத்தார். "பந்து வேண்டாம். மக பிள்ளைக்குப் போர்வை தைக்கணும். உங்க வலது கை வெட்டிக் குடுத்தாத்தான் ஊசியத் தொடுவேன்."

பலமில்லாத கை ஒரே அமுக்காய் அமுக்காது. தவணை தவணையாக இறங்கும், ஓரம் பிசிறடிக்கும்.

"வெட்டினதே கடையில கிடைக்குதேக்கா. இப்படிப் போனா பிள்ளை நடக்கவே ஆரம்பிச்சிரும்" என்றேன் ஒருநாள்.

"நடந்து வந்து போத்திக்கட்டும்" என்றார். ஆண்டவன் அவருக்குக் கொடுத்த பொறுமையில் கால்வாசி எனக்கும் கொடுத்திருக்கலாம்.

நேற்று தைத்த துணியை வாங்கப் போனேன். அக்கா அட்டையைச் செருகிவிட்டு, "ஹாரன் அடிக்கிற மாதிரி அமுக்குங்க டிரைவர் சார்" என்றார்.

"சும்மா இருடி. இன்னும் சிக்னல் விழல."

அக்கா குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். 'டொக்.' ஒரே சத்தம். வில்லையை எடுத்துத் தடவினார். வழவழப்பு.

"மறுபடியும் கள்ள..." என்று கூடைப்பக்கம் கையை நீட்டியபடி நிமிர்ந்தார்.

வீட்டுக்காரருடைய இடது கையில் டீ டம்ளர் இருந்தது. பாதி குடித்த டீ, ஆடை படிந்திருந்தது.

அக்கா வில்லையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த அட்டையை எடுத்து, இந்தத் தடவை தானே செருகாமல், அவருடைய வலது கைப்பக்கம் மெல்ல நகர்த்தி வைத்தார்.