விளக்குக்கு சீட் பெல்ட், எங்கள் செவலைக்குத் தூக்குக் கயிறு

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை பிற்பகல், பிள்ளைச்சாவடி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நடந்தது இது.

காலாப்பட்டில் என் மனைவியின் தங்கை புதுவீடு கட்டியிருந்தார். மறுநாள் விடியற்காலை கிரகப்பிரவேசம். முதல்நாளே போய்த் தங்குவதாகப் பேச்சு. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதால், நாங்கள் வளர்க்கும் நாயையும் கூட்டிப் போக வேண்டியிருந்தது. நாட்டு நாய்தான். செம்மண் நிறம் என்பதால் செவலை என்று கூப்பிடுவோம்.

சீர் கொண்டு போவது என் மனைவியின் தம்பி. அப்போதுதான் புதுக் கார் வாங்கியிருந்தார். அவரும் அவர் மனைவியும் முன்னால் உட்கார்ந்தார்கள். பின்சீட்டில் என் மனைவி, மடியில் பழத்தட்டு. நடுவில் உட்கார்ந்த ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. இடது ஜன்னல் ஓரம் செவலை. எனக்கு இடமில்லை. நான் ஸ்கூட்டரில் பின்னால் வருகிறேன் என்றேன்.

மச்சான் அந்த விளக்கை ஏற்றிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புதுத்துண்டில் சுற்றி, அடியில் தலையணை வைத்து, சீட் பெல்ட்டை இழுத்து அதன் இடுப்பில் மாட்டி, ஆட்டிக்கூடப் பார்த்தார். அடுத்து செவலை. துணி உலர்த்தும் நைலான் கயிற்றை எடுத்து, ஒரு முனையைக் கழுத்துப்பட்டையிலும் மறுமுனையை ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியிலும் கட்டினார். நாய் பாதுகாப்பாக வர வேண்டும் என்றா? இல்லை. சீர் தட்டில் வாய் வைத்துவிடக் கூடாது என்று. ஜன்னல் கண்ணாடியையும் முழுக்க இறக்கிவிட்டார். ஏசி போட்டால் புதுக் கார் முழுக்க நாய் வாடை அடிக்குமாம்.

"கழுத்துல கட்டறியே மச்சான், பிரேக் கிரேக் போட்டா..." என்று இழுத்தேன்.

"மாமா, நான் இன்னா லாரியா ஓட்டறேன்? காத்து வாங்கினு ஜாலியா வரும் வுடுங்க. உங்கள விட அதுக்குத்தான் இன்னிக்கு யோகம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அதிகம் பேசத் தெரியாதவன். தலையை ஆட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

கோட்டக்குப்பம் தாண்டும்வரை செவலை ஜன்னலில் முன்னங்கால்களை வைத்து, காது பறக்க, திரும்பித் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டு வந்தது. பிள்ளைச்சாவடியில் முன்னால் போன பஸ் ஆள் இறக்கச் சட்டென்று நின்றது. மச்சான் பிரேக் அடித்தார். செவலை முன்சீட்டின் முதுகில் போய் மோதியது பின்னாலிருந்த எனக்கே தெரிந்தது. மிரண்டுபோன நாய்க்குத் திறந்த ஜன்னல்தானே கண்ணில் படும்? பாய்ந்துவிட்டது.

கயிறு தரைவரை எட்டவில்லை. கதவுக்கு வெளியே, கழுத்தில் தொங்கியது. பின்னங்கால் நகம் மட்டும் ரோட்டைத் தொட்டுத் தொட்டு வழுக்கியது.

அதற்குள் பஸ் நகர, காரும் நகர ஆரம்பித்தது.

நான் ஹாரனை விடாமல் அடித்தேன். உள்ளே என் மனைவி "செவல, செவல" என்று கத்தியிருக்கிறாள். தட்டிலிருந்து பழம் கொட்டியதற்குத்தான் அக்கா கத்துகிறாள் என்று நினைத்த மச்சான், "அப்பறம் பொறுக்கிக்கலாம்க்கா" என்றாராம். சாலையோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து ஓடிவந்து கார் முன்னால் நின்று பானெட்டில் ஓங்கித் தட்டியிருக்காவிட்டால், அந்தக் கார் இன்னும் எவ்வளவு தூரம் போயிருக்குமோ.

ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடினேன். செவலையை இரண்டு கையாலும் அடியில் தாங்கித் தூக்கினேன். கயிறு தளர்ந்தது. ஆனால் துடித்த துடிப்பில் கழுத்துப்பட்டை முறுக்கிப் போய் சதைக்குள் இறங்கியிருந்தது. நாக்கு நீலம் பாரித்துவிட்டது. அந்த அம்மா தன் கூடைப் பக்கம் ஓடி, மீன் வெட்டுகிற கத்தியோடு வந்தார், பட்டைக்கு அடியில் தன் விரலைக் கொடுத்து, நாயின் தோலில் படாமல் அறுத்துவிட்டார். அவர் விரலில்தான் ரத்தம்.

செவலை கீழே படுத்து ஒரு முறை இழுத்து மூச்சு விட்டது. இன்னொரு முறை விட வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது.

மச்சான் இறங்கி வந்தார். வந்தவர் முதலில் பார்த்தது எதை என்கிறீர்கள்? கார்க் கதவை. "ஐயய்யே, எவ்ளோ கீறல் பாருங்க மாமா" என்றார். அவர் மனைவி இறங்கவேயில்லை. "நல்ல காரியத்துக்குப் போறப்ப சகுனமே செரியில்ல" என்றார். பக்கத்தில் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

மீன் விற்ற அம்மாவால் தாங்க முடியவில்லை. "ஏம்பா, அந்த வெளக்குக்கு இன்னா பதவிசா பெல்ட்டு மாட்டி குந்த வச்சிக்கிற. உசுரு உள்ளதுக்கு தூக்குக் கவுறா? உன் கழுத்துல ஒண்ணு மாட்டி வுடறேன், ஜாலியா காத்து வாங்கினு வர்றியா?" என்றார்.

"நாய்தானம்மா, அதுவா குதிச்சா நான் இன்னா பண்றது?" என்றார் மச்சான். பிறகு என்னிடம், "தூக்கி உள்ள போடுங்க மாமா, சீருக்கு நேரமாவுது."

அப்போது எனக்குள் என்னமோ அறுந்தது. "நாங்க வரல. நீ போ" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. என் மனைவி மடியிலிருந்த தட்டை முன்சீட்டில் இருந்த தம்பி மனைவியின் மடியில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள். கூடப் பிறந்த தங்கையின் புதுவீட்டுக்கு, முதல் ஆளாகப் போய் நிற்க ஆசைப்பட்டவள் அவள்.

கார் போய்விட்டது. அந்த அம்மாதான் ஆட்டோவை நிறுத்தினார். "ஸ்கூட்டர் இங்கியே கெடக்கட்டும்ணா, நான் பாத்துக்கறேன், போங்க" என்றார். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மீன் கூடைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

டவுனில் வைத்தியம் பார்த்த கால்நடை டாக்டரம்மா, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கதை முடிந்திருக்கும் என்றார். ராத்திரி பக்கத்திலேயே இருந்து மூச்சைக் கவனிக்கச் சொன்னார். காரில் நாயைக் கழுத்தில் கட்டவே கூடாதாம். மார்பைச் சுற்றிப் போடும் பாடி பெல்ட் கடையில் கிடைக்கிறது, அதைப் போட்டு, பின்சீட் பெல்ட்டோடு குட்டையாகக் கோத்துவிட வேண்டும். இல்லையென்றால் கூண்டில் வைத்து, கூண்டு ஆடாமல் கட்ட வேண்டும். கண்ணாடியைத் தலை நுழையாத அளவுக்குத்தான் இறக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். இவ்வளவுதான் விஷயம். விளக்குக்குச் செய்ததை நாய்க்கும் செய்திருந்தால் போதும்.

செவலை பிழைத்துக்கொண்டது. குரைப்புதான் பழையபடி இல்லை, தொண்டை கரகரக்கும். சொந்தக்காரர்களிடம் அன்றைக்கு நடந்ததற்கு வேறு ஒரு கதை இருக்கிறது: "நாய்க்காக சீரை நடுரோட்டுல வுட்டுட்டுப் போனவங்க." சொல்லிவிட்டுப் போகட்டும். கயிற்றில் தொங்கியது எது, விட்டுவிட்டுப் போனது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் சிக்னலில் காருக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு ஒரு நாயைப் பார்த்தால், முன்பின் தெரியாதவர் என்றாலும் ஸ்கூட்டரைப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன். சிலர் முறைப்பார்கள், சிலர் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள். ஏற்றினாலே எனக்குப் பாதி வேலை முடிந்தது. அந்த ரோட்டில் என் கைகள் தாங்கிய அந்தத் துவண்ட கனம், அதற்குப் பிறகு என்னை வாய்மூடி இருக்க விட்டதே இல்லை.