பெனடீட்டாவுக்கு ஓர் அறை

2013 ஜனவரி 13, ஞாயிற்றுக்கிழமை காலை இடலீனா ஊரைவிட்டுக் கிளம்பினாள். போர்ச்சுகலில், விசேயு பக்கத்தில் ஒரு மலையூர். சூரிக் போகும் பேருந்து தேவாலய வாசலில் உறுமிக்கொண்டு நிற்க, அவளுடைய இடது கால் பூட்ஸ் மட்டும் காணவில்லை. ஒளித்துவைத்தவள் ஏழு வயது மகள் பெனடீட்டா. கெஞ்சிப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் இடலீனா தன் தங்கை செலெஸ்ட்டேயின் வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு அந்தக் குளிரில் ஓடிப்போய் ஏறினாள். "ரெண்டே வருஷம்! வீடு கிடைச்சதும் கூப்பிட்டுக்கறேன்" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள். மகள் கேட்டாளா என்று தெரியாது. கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாளாம்.

இதை அவள் எனக்குச் சொன்னது 2015 மார்ச்சில், யாரோ ஒருவருடைய குளியலறைத் தரையில் மண்டியிட்டபடி. நான் நெடுநாள் ஊர் சுற்றிவிட்டு வெறுங்கையோடு சூரிக் திரும்பியிருந்தேன். ஒரு துப்புரவு நிறுவனத்தில் இடலீனாவுக்கு ஜோடியாகப் போட்டார்கள். காலி செய்யப்படும் வீடுகளைக் கழுவுவதுதான் வேலை. குடியிருந்தவர் சாவியைத் திருப்பித் தரும் நாளில் கட்டிட நிர்வாக அலுவலகத்திலிருந்து ஆள் வருவார். அடுப்புக்குப் பின்னால் டார்ச் அடிப்பார், ஜன்னல் சட்டத்தை விரலால் தடவுவார். குழாயில் உப்புக்கறை ஒரு புள்ளி தெரிந்தாலும் மறுபடி தேய்க்கச் சொல்வார்.

சூரிக்கில் ஆட்கள் வீடு மாறுவது பெரும்பாலும் மார்ச் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும்தான். அந்த வாரங்களில் நாளுக்கு மூன்று காலி வீடுகளுக்குள் போய் வருவோம். ஒவ்வொன்றிலும் இடலீனா முதலில் சின்ன அறைக்குப் போய் நடுவில் நிற்பாள்.

"கட்டிலை இந்தப் பக்கம் போடலாம். ஜன்னல் வெளிச்சம் மேசைக்கு வரும்" என்பாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போவாள்.

மகளை அழைத்துக்கொள்ள அனுமதி வேண்டுமென்றால், பிள்ளைக்கும் போதுமான இடமுள்ள வீட்டின் ஒப்பந்தத்தைக் குடியேற்ற அலுவலகத்தில் காட்ட வேண்டும். இடலீனாவோ இரண்டு பெண்களோடு ஓர் அறையைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தாள். பெனடீட்டாவை வளர்த்துவந்த செலெஸ்ட்டே அக்டோபரில் கணவனோடு லக்சம்பர்க் போகிறாள். அதற்குள் வீடு கிடைக்காவிட்டால் பெண் போர்ட்டோவில் அப்பாவின் புதுக் குடும்பத்துக்குப் போயாக வேண்டும். "அங்க போயிட்டா அப்புறம் எனக்கு அவ விருந்தாளிதான்" என்பாள் இடலீனா.

ஆகஸ்டில் சூரிக்கின் ஓர்லிகோன் பகுதியில் ஒரு வீடு பார்க்க அவளோடு நானும் போனேன். மூன்றாவது மாடியிலிருந்து தெரு வரை வரிசை. கதவருகே காலணிகள் குவியலாகக் கிடந்தன. உள்ளே போனவர்கள் வெறும் சாக்ஸோடு, ஒருவரையொருவர் பார்க்காமல், அலமாரிகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டிலேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினோம்.

"இசைக்கருவி இருக்கான்னு கேக்கறான் பாரு" என்றாள்.

"இல்லைன்னு போடுங்க. சத்தம் வரும்னு வீடு தரமாட்டாங்க."

"பெனடீட்டா கிளாரினெட் வாசிக்கறா பொண்ணே. ஊர் பேண்டுலயே சின்னவ அவதான்."

"இடா, வரிசையில நாப்பது பேர் நிக்கறாங்க. கிளாரினெட் நீங்க மட்டும்தான்."

"முன்னாடி நிக்கறவ நாயோட வந்திருக்கா!"

"நாய் வாசிக்காது."

அவள் என்னை முறைத்துவிட்டு எழுதினாள்: 'கிளாரினெட். நன்றாக வாசிப்பாள்.' நான்காவது நாள் மறுப்பு வந்தது. அது இருபத்து மூன்றாவது மறுப்பு.

செப்டம்பர் 28, திங்கட்கிழமை. ஸ்வாமெண்டிங்கனில் ஒரு பழைய அடுக்ககத்தின் இரண்டாவது மாடி. குடியிருந்த பையன் சில்வான் பெர்னுக்கு மாறிப் போகிறான். பத்து மணிக்கு நிர்வாக அலுவலகத்து ஓடர்மட் வருவார். ஒன்பதரைக்குச் சமையலறையில் கிறீச்சென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். சுரண்டும் பிளேடின் முனை உடைந்து, மின்னடுப்பின் கண்ணாடியில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். இடலீனா எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

ஓடர்மட் காலணிக்கு மேல் நீல உறை மாட்டிக்கொண்டு, சில்வான் பின்னால் வர, அறை அறையாகப் பார்த்தார். குளியலறைக் குழாயைத் திரும்பத் தேய்க்கச் சொன்னார், தேய்த்தோம். சின்ன அறையில் நிற்கும்போது அவருக்குத் தொலைபேசி வந்தது. நீண்ட நேரம் கேட்டார். கடைசியில் "இப்பச் சொன்னா எப்படிங்க? நாளன்னைக்குச் சாவி வாங்கணும் நீங்க" என்றார். அணைத்துவிட்டுத் தலையை ஆட்டினார். "குடிவர இருந்த இவங்களும் வரலையாம்."

இடலீனாவின் கையில் துணி அப்படியே நின்றது. சம்பளச் சீட்டு முதல் முதலாளியின் கடிதம் வரை எல்லாத் தாள்களும் அடங்கிய அவளுடைய ஃபைல், பிளாஸ்டிக் உறைக்குள் எங்கள் துப்புரவுத் தள்ளுவண்டியின் அடித்தட்டில் எப்போதும் இருக்கும். அவள் வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சமையலறை முடியட்டும் என்று கண்ணைக் காட்டினேன்.

ஓடர்மட் அடுப்பின் மேல் குனிந்தார். டார்ச் வெளிச்சத்தில் கீறல் பளிச்சென்று தெரிந்தது.

"இது என்ன?"

சில்வான் எட்டிப் பார்த்தான். "தெரியலையே... ஏதாவது சட்டி இழுத்திருப்பேன். சரி, என் பேர்லயே எழுதிக்குங்க."

வாயைத் திறக்காதே, திறக்காதே என்று நான் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பையனே ஒப்புக்கொண்டுவிட்டான். ஓடர்மட் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"இல்ல சார்," என்றாள் இடலீனா. "காலையில என் பிளேடு பட்டுடுச்சு. தம்பி மேல எழுதாதீங்க."

ஓடர்மட் சில்வானின் பெயரை எழுதவில்லை, எங்கள் நிறுவனத்தின் பெயரை எழுதினார். இடலீனா போய் ஃபைலை எடுத்துவந்து, அந்தக் கீறலுக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

"இந்த வீட்டை எனக்குக் குடுங்க சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இதைக் கேக்கற நேரமா இது?"

"இன்னிக்கு விட்டா உங்களை எங்க போய்ப் பிடிக்கறது?"

"பட்டியல்ல முப்பது பேர் இருக்காங்கம்மா."

"அதுல எத்தனை பேருக்கு இந்தக் குழாயில எங்க கறை பிடிக்கும்னு தெரியும்?"

சில்வான் சிரித்துவிட்டான். ஓடர்மட் சிரிக்கவில்லை; மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களுக்கு விஷயம் தெரியாது. 2018 செப்டம்பர் வரைக்கும்தான் ஒப்பந்தம். அப்புறம் மூணு கட்டிடத்தையும் இடிக்கறாங்க. அதைக் கேட்டதும் ஒவ்வொருத்தரா கழண்டுக்கறாங்க. அந்த முப்பது பேரும் கழண்டுக்குவாங்க."

என்னால் பொறுக்க முடியவில்லை. "இடிக்கப்போற வீட்டுக்கா எங்களை இவ்வளவு தேய்க்க விட்டீங்க?"

"இடிக்கற அன்னிக்கும் சுத்தமாத்தான் இருக்கணும்," என்றார் அவர், கேலியில்லாமல்.

இடலீனா விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். மூன்று வருடம் என்றால் பெண்ணுக்குப் பன்னிரண்டு முடிந்துவிடும். அந்த வயதில் மறுபடி ஒரு படிக்கட்டு வரிசை, மறுபடி முதலிலிருந்து. சின்ன அறைக்குப் போனாள். இந்த முறை கட்டிலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. திரும்பிவந்து, "எங்க சார் கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

"ஆபீஸ்ல. ரெண்டு மணிக்கு. ஃபைல்ல ஒரு தாள் குறைஞ்சாலும் நடக்காது. இன்னொண்ணு, அந்த அடுப்புக் கண்ணாடியை மாத்தித் தரமாட்டோம்."

"கீறினவதானே சமைக்கப்போறா. கீறலோடயே இருக்கட்டும்."

தாள் எதுவும் குறையவில்லை. செலெஸ்ட்டே தன் பயணத்தை இரண்டு வாரம் தள்ளிப்போட்டாள். அனுமதி வந்தது பதினோராவது நாளில். பெனடீட்டா அக்டோபர் 17 அன்று வந்து இறங்கினாள். படத்தில் பார்த்ததைவிட ஒரு தலை உயரம் அதிகம். அம்மா கட்டிக்கொண்டபோது கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்ததும் நேராகச் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஒரு மணி நேரம் திறக்கவில்லை. இடலீனா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"தட்டிப் பாக்கலாமா?" என்றேன்.

"வேணாம். கோவப்படட்டும். கோவப்பட இப்ப அவளுக்குன்னு ஒரு ரூம் இருக்கு."

உள்ளே கட்டிலை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் என்று இடலீனா காதைக் கதவில் வைத்துக் கேட்டாள்.

அடுத்த கோடையில் நான் அந்த வேலையை விட்டு மறுபடி கிளம்பிவிட்டேன். 2017 இலையுதிர்காலத்தில் இடலீனா திரும்பவும் வீடு தேட ஆரம்பித்தாள். வாரத்துக்கு ஒரு வரிசை, வாரத்துக்கு ஒரு மறுப்பு. எண்ணிக்கையை மட்டும் எனக்கு அனுப்புவாள். ஒன்பது. பதினான்கு. பதினேழு. 2018 பிப்ரவரியில் வந்த செய்தியில் எண் இல்லை.

"பொண்ணே, இடிக்கறது தள்ளிப்போச்சு! புதுக் கட்டிடம் வந்தா தன் தோட்டத்துல நிழல் விழும்னு பின் தெருவுல யாரோ கேஸ் போட்டிருக்காராம். முடிய ரெண்டு வருஷமாவது ஆகுமாம், அதுவரைக்கும் இருந்துக்கலாம்னு கடுதாசி வந்திருக்கு. அந்த ஆள் யாருன்னு மட்டும் தெரியல. தெரிஞ்சா அவர் வீட்டு ஜன்னல் அத்தனையும் சும்மாவே துடைச்சுக் குடுப்பேன்."