பஷீர் பாய்க்கு வாடகைக்கு விட ஒரு வீடு

குடியிருக்க வீடு தேடுகிறவரைக்கூடச் சமாளித்துவிடலாம். வாடகைக்கு விட வீடு தேடுகிறவரிடம் மாட்டினால் வீட்டுப் புரோக்கர் பாடு திண்டாட்டம்தான். வெயிலில் வீடு பார்த்து அலைந்தவர்களாவது என் பக்கம் நிற்பீர்கள் என்று நம்பிச் சொல்கிறேன்.

கோட்டக்குப்பம் பஷீர் பாய் சவூதியிலிருந்து லீவில் வந்திருந்தார். நாலு குடித்தனம் வைக்கிற மாதிரி ஒரு வீடு வாங்கிவிட்டால் வாடகையில் குடும்பம் ஓடும், அவர் திரும்பிப் போக வேண்டாம். லீவு முடிவதற்குள் அமையாவிட்டால் விமானம் ஏற வேண்டியதுதான். பாண்டிச்சேரி விலை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பார்க்கச் சொன்னார். என் ஸ்கூட்டருக்குக் கெட்ட நேரம் அன்றைக்கே ஆரம்பித்தது.

ரயில் சத்தம்

விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் பின்னால் வரிசையாக நாலு போர்ஷன். ஒருவர் காலி செய்யும்போதே அடுத்தவர் சாமானோடு வாசலில் நிற்பார், அப்படிப்பட்ட இடம். பாய் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெறும் தரையில் படுத்துப் பார்த்தார். ஒரு கூட்ஸ் வண்டி போனது. வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினார். இங்கே தூங்க முடியாதாம்.

"பாய், நீங்களா இங்க தூங்கப் போறீங்க? குடித்தனக்காரங்கதானே!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஏன், அவங்களுக்குக் காது இல்லீங்களா?"

தேர்தல் நேரம்

திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம், ரிட்டயரான வாத்தியார் ஒருவரின் வீடு. நான் அவரிடம் தொண்டை வறள விலை பேசிக்கொண்டிருந்தேன். பாயோ பின்கட்டில் குடித்தனக்காரர்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து பார்த்தால், வீட்டுக்கொரு கக்கூஸ், மாடியில் புது டேங்க், வாடகை ஏற்றவே மாட்டேன் என்று எல்லாவற்றுக்கும் வாக்குக் கொடுத்து முடித்திருக்கிறார். இன்னும் வாங்கவேயில்லை ஐயா!

குடித்தனக்காரர்கள் நேரே வாத்தியாரிடம் வந்து, இத்தனை நாள் நீங்கள் ஏன் செய்யவில்லை என்று பிடித்துக்கொண்டார்கள். வாத்தியார் எங்களைத் தெருவரை கொண்டுவந்து விட்டார், மரியாதைக்காக அல்ல.

"யோவ் புரோக்கரு, இந்த ஆளு வீடு வாங்க வந்தாரா, ஓட்டு கேக்க வந்தாரா?"

கட்டில்மேல் கட்டில்

முண்டியம்பாக்கத்தில் மெடிக்கல் காலேஜ் வந்த பிறகு கட்டிய வீடு. ஒவ்வொரு ஹாலிலும் இரும்புக் கட்டில்மேல் கட்டில் போட்டு, தலைக்கு இவ்வளவு என்று வசூல். நாலு குடித்தனத்தில் வருவதைவிட அதிக வரும்படி. இதற்குமேல் என்ன வேண்டும்?

பாய் வாசலிலேயே நின்றுவிட்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "லீவு முடியப் போவுது, குறை சொல்லிக்கினே இருங்க, அப்புறம் ஏர்போர்ட்டுக்கு நானே கொண்டாந்து வுடறேன்" என்று கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. மேல் கட்டிலின் கம்பியை மட்டும் தொட்டுப் பார்த்தார். அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அங்க இதே கட்டில்லதாங்க இத்தினி வருஷமும் படுத்துக்கினு இருந்தேன். இதுலேர்ந்து தப்பிக்கத்தானே வீடு தேடறேன்?"

வளவனூரில் ஒரு மதியம்

லீவில் கடைசி வாரம். பாயின் மனைவி ஜைனப் அக்காவும் கூட வந்தார். வளவனூரில் பழைய வீடு, கீழே இரண்டு, மேலே இரண்டு போர்ஷன். விழுப்புரத்துக்கும் போகலாம், பாண்டிச்சேரிக்கும் போகலாம், விலையும் கைக்கடக்கம். காலியாக இருந்த போர்ஷனில் பாய் வழக்கம்போலச் சோதனைக்கு வெறும் தரையில் படுத்தார். என்ன குறை வரப்போகிறதோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தது குறட்டை.

நான் எழுப்பப் போனேன். ஜைனப் அக்கா என்னைத் தடுத்து, கைப்பையிலிருந்து அட்வான்ஸை எடுத்து என் கையில் திணித்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எழுப்பாதீங்கண்ணே, வந்த நாள்லேர்ந்து இன்னைக்கித்தான் தூங்கறாரு, எழுந்தா இதுக்கும் ஒரு குறை சொல்லுவாரு, ஜல்தியா போய் வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டு வந்துடுங்க!"

ஊர் ஊராக அலைந்து நான் கண்டது இவ்வளவுதான்: வாங்குகிறவர் விழித்திருக்கும்வரை எந்த ஊரிலும் வீடு அமையாது.