கைமாறிய மண்சட்டி

தண்ணீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியதும் ஊருணிக் களிமண் வாசனை எழுந்தது. எழாதா? எங்கள் ஊர் பரளச்சியின் ஊருணியை மூடிப் போட்ட பிளாட்டில்தானே என் மாளிகை!

என் சின்ன வயதில் கோடைதோறும் ஊரே கூடி அந்த ஊருணியைத் தூர்வாரும். தண்ணீர்ச் சண்டையில் பேச்சை விட்டவர்களை, சேறு கடத்தும் வரிசையில் அடுத்தடுத்து நிறுத்துவது ஊர் வழக்கம். அம்மாவும் எதிர்வீட்டு அத்தையும் முறைத்தபடியே, சேறு சொட்டச் சொட்ட மண்சட்டியைக் கைமாற்றுவார்கள்.

"மதினி, காலுல போட்டுறாதீக!" என்பாள் அம்மா.

"போட்டா என்ன, வாயாலயே நடப்பீகளே!"

சிரித்துவிடுவார்கள். சண்டை சேற்றோடு போகும்.

அந்த அத்தை மகன்தான் இப்போது பக்கத்து வீடு. நான் ஆழமாகப் போர்வெல் போட்டு அவன் போர்வெல் வற்றியதிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. இன்று அவனே சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"ஏலே, நம்ம ஊருணி வாசம்ல?"

நான் அடிக்காத போனைக் காதில் வைத்து, "ஹலோ" என்றேன்.