எழுபத்தையாயிரத்தைத் தாண்டாத வழக்கு

பர்மாவில், போட்டாதாங் படகுத்துறைப் பக்கம் இருந்த என் பிரம்புக் கிடங்கில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஒரு டாலர் நோட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். சம்பந்தியம்மா அதை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. குடித்துக்கொண்டிருந்த தேநீரை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

சம்பந்தியம்மா என் மூத்த மகளின் மாமியார். அவருடைய அப்பா தமிழர், அம்மா பர்மியர். பக்கத்துப் பேட்டையான கியாக்டடாவில் வக்கீல், படித்த பெண்களை அழைக்கும் மரியாதையில் ஊரே அவரை ‘சயாமா’ என்றுதான் கூப்பிடும். நானோ மூன்றாம் வகுப்போடு நின்றவன். படகுத்துறையில் மூட்டை சுமந்த இதே தோளோடு, பிற்பாடு அமெரிக்காவுக்குப் பிரம்பு நாற்காலி ஏற்றியவன். இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

நாற்காலி வாங்கிய அமெரிக்கர் நேரில் வந்துதான் பேரம் பேசினார். எழுபத்தையாயிரம் டாலரில் முடிந்தது. மொய்யோ விலையோ, சைபரில் முடிப்பது எனக்குப் பிடிக்காது. மேலே ஒன்று போடச் சொன்னேன். ஒப்பந்தத்தில் எழுபத்தையாயிரத்து ஒன்று என்றே எழுதினோம். அவர் சிரித்துக்கொண்டே ஒரு டாலரை எடுத்து அச்சாரமாக என் கையில் வைத்தார். அன்றைக்கே சட்டம் போட்டேன். பக்கத்தில் நின்று படம் பிடித்து அவருக்கே அனுப்பியும் வைத்தேன்.

நாற்காலிகள் போய்ச் சேர்ந்தன, விற்றும் போயின. பணம் மட்டும் வரவில்லை. கேட்டால், பிரம்பில் பூசணம் என்றார். என் பிரம்பிலா! பணத்தைவிட அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. வழக்குப் போடுவோம் என்று சயாமாவிடம் போய் நின்றேன். அவர் அமெரிக்காவிலிருந்த ஒரு வக்கீலுக்கு எழுதி விசாரித்துவிட்டு, பதிலோடு கிடங்குக்கு வந்தார்.

அங்கே மாநிலக் கோர்ட் என்று ஒன்று, ஃபெடரல் கோர்ட் என்று ஒன்று. வெளிநாட்டான் உள்ளூர்க்காரன்மேல் வழக்குப் போட்டால் ஊர் தன் ஆள் பக்கம் சாய்ந்துவிடுமோ என்ற பயத்தில், அவனுக்கு ஃபெடரல் கோர்ட்டின் கதவையும் திறந்து வைத்திருக்கிறார்களாம். ஆனால் கேட்கிற தொகை பெரிதாக இருக்க வேண்டும்.

“சரியா எழுபத்தையாயிரம்னா உள்ள விட மாட்டாங்க சம்பந்தி. அதைத் தாண்டணும். வட்டி, கோர்ட்டுச் செலவு எதையும் சேர்த்துக் காட்ட முடியாது.”

“தாண்டியாச்சே சயாமா! அந்த ஒண்ணை யார் போட்டது? நான் படிச்சிருந்தா நீங்க கடையைக் கட்டியிருக்கணும்!”

அப்படிப் பீற்றிக்கொண்டே நான் சட்டத்தைக் கைகாட்டினேன். அப்போதுதான் அந்தப் பார்வை.

“அந்த ஒண்ணைத்தான் வாங்கிட்டீங்களே. இனி வர வேண்டியது சரியா எழுபத்தையாயிரம். கதவு மூடிக்கிச்சு.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி ஆணியில் கை வைத்தேன். “இதைக் கழட்டிட்டா? நான் வாங்கவே இல்லைன்னுட்டா?”

“இறங்குங்க சம்பந்தி, இடுப்பு புடிச்சுக்கும். பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிற போட்டோ அந்தாளு கையில இருக்கு. அது இல்லாட்டியும் நான் அப்படி எழுத மாட்டேன். நம்ம பிரம்பு சுத்தம்னு சொல்லப் போறோம். முதல் வார்த்தையே பொய்யா இருந்தா அதை யாரு நம்புவாங்க?”

இறங்கினேன். வேறு வழியில்லாமல் அந்த அமெரிக்கரின் ஊரிலேயே, மாநிலக் கோர்ட்டில் வழக்கு நடந்தது. தீர்ப்புச் சொல்ல ஜூரியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அவர் ஊர்க்காரர்கள். நான் சயாமாவின் அலுவலகத்தில், கம்ப்யூட்டர் முன்னால், வேட்டி சட்டையோடு உட்கார்ந்து சாட்சி சொன்னேன். பெருமை பேசத் தொடங்கும்போதெல்லாம் மேசைக்கடியில் சயாமா என் காலை மிதித்தார். கடைசியில் நீதிபதி அந்த அமெரிக்கரிடம், பூசணம் பிடித்த நாற்காலிகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். முழு விலைக்கு விற்றேன் என்றார் அவர். ஜூரியில் ஒரு கிழவி வாய்விட்டுச் சிரித்தே விட்டார். தீர்ப்பு எனக்குத்தான்.

அன்று நான் குதித்த குதிக்கு அளவில்லை. “பாத்தீங்களா சயாமா? ஊர்க்காரங்க எவ்வளவு நல்லவங்க! வீணா பயந்தோம்.”

சயாமா செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்: “இப்ப தெரியுது, நல்லவங்கன்னு. அதுக்கு முன்னாடி எத்தனை ராத்திரி தூங்காம இருந்தீங்க? அதுக்குத்தான் சம்பந்தி அந்த இன்னொரு கதவு.”