எல்லை தாண்டிய ஜீவனாம்சமும் என் கன்னடமும்

ஓசூர் கோர்ட்டு உத்தரவு எல்லைக்கல்லைத் தாண்டினால் செத்துப்போகும் என்று நான் நம்பியிருந்தேன். மைசூர்ப் பக்கம் போய் அதை நீட்டினால் நம்மையே பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்றும் நம்பினேன். எங்கள் ஊர் ஜவளகிரியில் கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் இதைச் சட்டம் படித்தவன் மாதிரி விளக்கி வந்ததும் நான்தான்.

என் தங்கையையும் கைக்குழந்தையையும் எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, அவள் கணவன் எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனேக்கல்லில் ஒரு தறிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். குழந்தைக்கு மாதாமாதம் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று ஓசூரில் உத்தரவானது. அவன் காலணாக்கூட அனுப்பவில்லை. எங்கள் காட்டில் அந்த வருஷம் ராகியும் கைவிட்டது. குழந்தையின் பாலுக்காகத் தங்கை கம்மலை விற்றிருந்தாள். அடுத்து விற்க அவளிடம் ஒன்றும் இல்லை.

என் சட்ட விளக்கத்தை எங்கள் வக்கீல் பொறுமையாகக் கேட்டார்.

“மகாராஜா காலம் முடிஞ்சி போச்சுய்யா. இப்ப ரெண்டு பக்கமும் ஒரே சட்டம். ஆள் எங்க இருக்கானோ அந்த ஊரு மாஜிஸ்திரேட்டே இத வெச்சி வசூல் பண்ணலாம். நகல எடுத்துக்கிட்டுப் போயி மனு போடு.”

“என்னைய உள்ள போட்டுட்டா?”

“உனக்குச் சோறு போட்டு மாளாதுன்னு அவங்களே வெளிய தள்ளிடுவாங்க, போ.”

ஆனேக்கல் கோர்ட்டில் மனு போட்டோம். அவனுக்குச் சம்மன் போனது. விசாரணை நாளில் தங்கை குழந்தையோடு முன்னால் நின்றாள்; நான் அவளுக்குப் பின்னால், வாசலுக்கு ஓட வசதியாக.

என் கன்னடம் ராகி விற்கப் போய்ச் சந்தையில் பொறுக்கியது. எஷ்டு என்றால் எவ்வளவு, பேடா என்றால் வேண்டாம், சாக்கு என்றால் போதும். கோர்ட்டுக்கு அது தாராளம் என்று நினைத்திருந்தேன்.

அது மதராஸ் உத்தரவு, தான் இருப்பது மைசூர் ராஜ்யம் என்று அவன் வாதாடினான். நான் ஊரெல்லாம் பரப்பிய அதே சட்டம். மாஜிஸ்திரேட் அவனை முறைத்து, “நீனு எல்லித்ரூ மகுன சாக்கபேக்கு” என்றார்.

என் காதில் விழுந்தது சாக்கு மட்டும்தான். போதும், கிளம்புங்கள் என்கிறார்! போதும் என்று சொல்ல வேண்டாம் என்று கெஞ்ச நினைத்து, கைகூப்பிக்கொண்டு கத்தினேன்: “சாமி, சாக்க பேடா! சாக்க பேடா!”

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. தங்கை கணவனின் முகம் மலர்ந்தது. “மச்சானே சொல்லிட்டாரு பாருங்க சாமி” என்றான்.

தங்கை என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். கல்யாணமான புதிதில் அவனோடு ஆனேக்கல்லில் குடித்தனம் நடத்தியதால் அவளுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு.

“வாய மூடுண்ணா. நீ எங்க இருந்தாலும் கொழந்தய வளக்கணும்னு மாஜிஸ்திரேட்டு அவருகிட்ட சொல்றாரு. சாக்கறதுன்னா வளக்கறது. நீ வளக்க வேணான்னு கத்திக்கிட்டு நிக்கற.”

பிறகு மாஜிஸ்திரேட்டிடம் அவளே கன்னடத்தில் பேசினாள். என்னைக் காட்டி என்ன சொன்னாளோ, அவர் மேஜைக்குக் குனிந்து சிரித்தார். நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை. பாக்கியைக் கட்டு, இல்லையேல் ஜெயில் என்று அவனிடம் சொன்னார்.

அன்று சாயங்காலத்துக்குள் அவன் தறிக்கூட முதலாளியிடம் முன்பணம் வாங்கிப் பாக்கியைக் கட்டினான். அடுத்த மாதத்திலிருந்து தங்கை பேருக்கு மணியார்டர் வந்தது.