ஜட்ஜய்யா வீட்டுப் படங்கள்

எனக்குப் பத்து வயதில் ஒரு நாள் முழுக்க வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளிமலையில் ஆஸ்பத்திரி நர்ஸைத் தவிர வேறு யாரும் கையுறை போட்டு நான் பார்த்ததில்லை. அதனால் அன்றைக்குக் காலையிலிருந்தே எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பா மலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். கள்ளக்குறிச்சியில் ‘ஜட்ஜய்யா வூடு’ என்றால் ஆட்டோக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஜட்ஜய்யா நீதிபதியாக இருந்து, பிறகு தேர்தலில் நின்று எம்.எல்.ஏ. ஆனவர். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. குடும்பப் படங்களையெல்லாம் அவருடைய மகள் சென்னையில் ஒரு ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கப்போகிறார் என்று ஏற்பாடு. அங்கிருந்து வந்த ஒரு அக்கா ஒவ்வொரு படத்துக்கும் எண் போட்டு, அதில் இருப்பவர்கள் யார் யார் என்று லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். மலையில் எடுத்த படங்களில் எது எந்த ஊர் என்று சொல்ல அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். கோடை லீவு, நானும் தொற்றிக்கொண்டேன். சும்மா இருக்க மாட்டேன் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டதோ என்னவோ, அந்த அக்கா ஒரு ஜோடி கையுறையைக் கொடுத்து, பெட்டியிலிருந்து படங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரச் சொன்னார்.

எடுக்க எடுக்கத் தீரவில்லை. கறுப்பு அங்கியில் ஜட்ஜய்யா. தேர்தலில் ஜெயித்த அன்று மூக்குவரை மாலையோடு ஜட்ஜய்யா. கார் பானெட் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் குழந்தைகள். அதில் வாயைப் பிளந்து அழுகிற பெண் யார் என்று கேட்டேன். எழுபது வயதிருக்கும் அந்த மகள், நான்தான் என்று வெட்கத்தோடு சொன்னார். அந்த வீட்டிலேயே அதிகம் தெரிந்தவள் நான்தான் என்ற நினைப்பு மதியத்துக்குள் எனக்கு வந்துவிட்டது.

நாலாவது பெட்டியில்தான் அது கிடைத்தது. செங்குத்தான பாறைப் பாதை. இரண்டு மூங்கில்களில் கட்டிய நாற்காலியில் கோட்டு போட்ட ஜட்ஜய்யா உட்கார்ந்திருந்தார். மூங்கிலைத் தோளில் தாங்கி நாலு பேர். முன்னால் இருந்த இருவரில் ஒருவருக்கு இடது காது பாதிதான் இருந்தது.

கரடி கடித்த காது அது. அதைப் பிடித்துப் பார்த்துக்கொண்டேதான் நான் கதை கேட்டு வளர்ந்திருந்தேன். தாத்தா செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ரேஷன் கார்டில் இருந்த தபால்தலை அளவு முகத்தைத் தவிர எங்களிடம் அவர் படமே கிடையாது. இங்கே அவர் தலைமயிர் கறுப்பாக, தொடையெல்லாம் முறுக்கேறி, முழு ஆளாக நின்றுகொண்டிருந்தார். வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் படத்தோடு ஓடினேன். படத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று அந்த அக்கா பின்னாலேயே ஓடிவந்தார்.

“தாத்தாப்பா. ஜட்ஜய்யாகூட தாத்தா இருக்காரு.”

அப்பா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். ஆனாலும் படத்தைத் தொடவில்லை. நான் பிடித்திருக்க, குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அக்கா படித்தார். மலைப்பயணம், நானும் வக்கீல் நண்பரும் என்று ஜட்ஜய்யாவின் கையெழுத்தில் இருந்தது. வக்கீல் ஓரமாகக் குடையோடு நின்றிருந்தார்.

அதற்குள் மகளும் வாசலுக்கு வந்துவிட்டார். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இது ஒன்று மட்டும் அனுப்ப வேண்டாம், தனியாக வைத்துவிடலாம் என்று அக்காவிடம் சொன்னார். பிறகு அப்பாவைப் பார்த்து, “எங்கப்பா நடந்தே வரேன்னுதான் சொன்னாராம்...” என்று தொடங்கி, முடிக்கவில்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருப்பதிலேயே நல்ல படத்தை எடுத்து வைக்கிறார்களே என்று நினைத்தேன்.

அப்பா யாரிடமும் குரலை உயர்த்தாதவர். அன்றும் உயர்த்தவில்லை. “எடுத்து வைக்காதீங்கம்மா. அனுப்புங்க. நாலு பேரு பேரையும் எழுதி அனுப்புங்க” என்றார்.

அந்த அம்மா படத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார். அப்பா ஒவ்வொரு பேராக, ஊரோடும் அவரவர் அப்பா பேரோடும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அக்கா வாசல்படியிலேயே உட்கார்ந்து ஏற்றிக்கொண்டார். தாத்தா பேரின் எழுத்துகள் சரியாக இருக்கின்றனவா என்று நான் எட்டிப் பார்த்தேன். எங்களுக்கு ஒரு பிரதி எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு அந்த அம்மா உள்ளே போனார். நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மலை ஏறும்போது என் வாய் ஓயவில்லை. ஸ்கூல் திறந்ததும் யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்று வரிசை போட்டுக்கொண்டு வந்தேன். எம்.எல்.ஏ.வையே தூக்கிய தாத்தா வேறு யாருக்கு இருக்கிறார்? அப்புறம் அப்பாவிடம் கேட்டேன்.

“ஜட்ஜய்யா ஜாஸ்தி கனமா இருந்திருப்பாராப்பா?”

அப்பா அடுத்த வளைவில் ஜீப்பை ஓரங்கட்டி, தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு இறங்கினார். எனக்கு முதுகைக் காட்டி நின்று முகத்தைக் கழுவினார், கேன் காலியாகும்வரை. இஞ்சின் சூடாகிவிட்டது போலிருக்கிறது, அதற்கு ஊற்ற வேண்டிய தண்ணீரை இப்படி வீணாக்குகிறாரே என்று நான் உள்ளேயிருந்து கத்திக்கொண்டிருந்தேன்.